ஆறு மணிக்கு விரல் வைக்க வேண்டும்

வீட்டில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவர் அப்பா. ரொட்டிக் கடை அடுப்படியில் வேலை, ஊர் எழுவதற்கு முன்னால் எழுகிற மனிதர். அவர் சட்டையை மாட்டும்போதுதான் அவளுக்குக் கண் சொக்கும். எத்தனை சீக்கிரம் படுத்தாலும் அப்படித்தான். பதினைந்து வயதில் பிடித்தது, இருபத்திரண்டிலும் விட்டபாடில்லை.

"படிச்ச திமிரு."

"உடம்புக்குள்ள இருக்கற கடிகாரமே லேட்டா ஓடுதுன்னு டாக்டரே சொன்னாருப்பா."

"அந்த டாக்டர் எப்ப எழுந்திரிப்பாராம்?"

அம்மா சிரித்துவிட்டாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு வருகைப் பதிவு மெஷினில் விரல் வைக்க வேண்டும். இன்னொரு தடவை தாமதமானால் வேலை காலி என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

அதனால் அன்று தூங்கவே இல்லை. அப்பாவோடு சேர்ந்து கிளம்பினாள்.

"அடேங்கப்பா, ஆந்தை சேவலாயிடுச்சே!"

லேப் வாசலை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. ஷிஃப்டுக்குக் கால் மணி முன்னால்தான் மெஷின் விரலை ஏற்கும். அதுவரை உடை மாற்றும் அறை நாற்காலியில் கண்ணை மட்டும் மூடலாம் என்று உட்கார்ந்தாள்.

ட்யூப் கழுவும் அக்கா உலுக்கியபோது சுவரெல்லாம் வெயில்.

"ஏம்மா, இங்கயா கிடக்கற? ஆப்சென்ட் போட்டாச்சு!"

சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"எல்லாருக்கும் முன்னாடி வந்தேன் சார்."

"மெஷின்ல இல்லையேம்மா."

"அப்ப நைட் ஷிஃப்ட் குடுங்க. ஒரு கொட்டாவி விடமாட்டேன்."

"பொண்ணுங்கன்னா வீட்ல சம்மதம் சொல்லணும். அப்பாவ வரச்சொல்லு."

"எனக்கு இருபத்திரண்டு வயசு சார்."

"சரி, அப்பாவ வரச்சொல்லு."

முழங்கை வரை மாவோடு அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவள் சிவந்த கண்களைப் பார்த்தார். நைட் ஷிஃப்ட் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "ராத்திரி வேலையெல்லாம் வேணாம் சார். காலையிலயே இருக்கட்டும். நானே எழுப்பிக் கூட்டிட்டு வந்து விடறேன். இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க."

சூப்பர்வைசர் இளகிவிட்டார். "பெரியவர் கேக்கறீங்க. உங்களுக்காக விடறேன். நாளைலேர்ந்து வரட்டும்."

பஸ்ஸில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, வேலையக் காப்பாத்திக் குடுத்துட்டேன்!"

அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்தபின் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். சாய்த்த மாத்திரத்தில், கூப்பிடாமலே, தூக்கம் வந்து அணைத்துக்கொண்டது.

அப்பா தோளைத் தட்டினார்.

"பகல்ல தூங்காதம்மா. அப்புறம் ராத்திரி தூக்கம் வராது."