கிளம்பிட்டாங்க

காலை ஏழு மணிக்கு வந்திருக்க வேண்டிய இயக்குநர், பத்தே முக்காலுக்கும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார். "கிளம்பிட்டாங்க" என்று வேளாண் அலுவலர் ஒலிபெருக்கியில் ஐந்தாவது தடவையாக அறிவித்தபோது, வயலில் நின்றிருந்தவள் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தினாள். எட்டு மணிக்கு உருண்டையாக நின்ற மண் இப்போது விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது.

இரண்டரை மாதம் போக்குக்காட்டிவிட்டு முந்தாநாள் பெய்த மழை. அவளுடையது கிணறு இல்லாத ஒன்றரை ஏக்கர். இந்த ஈரத்தில் சோளத்தை உள்ளே தள்ளினால் உண்டு; விட்டால் அடுத்தது எப்போது என்று மழைக்கே தெரியாது. இது வேளாண் அலுவலகத்துக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததால்தான் விழாவே. வயலின் தாழ்ந்த பக்கத்தில் நேற்று மத்தியானமே பந்தல் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, 'மாறும் காலநிலை, மாறாத மகசூல்' என்று பதாகை கட்டிவிட்டார்கள். இயக்குநர் முதல் விதையைப் போடுவார். பிறகு, ஈரம் பார்த்து விதைப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் விளக்குவார்.

அவள் புருஷன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்னோடி விவசாயி. சட்டையில் காலிஃபிளவர் அளவுக்கு ஒரு துணிப்பூவைக் குத்தியிருந்தார்கள். அதன் கனத்தில் ஆள் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

அவள் நேராக அலுவலரிடம் போனாள்.

"சார், விதை ராத்திரியே ஊறப்போட்டது. முளை மூக்கு விட ஆரம்பிச்சிருச்சு. நாங்க போட்டுக்கிட்டே இருக்கோம். அவர் வந்து கடைசி விதையப் போடட்டும்."

"முதல் விதைன்னு அழைப்பிதழ்லயே அடிச்சாச்சேம்மா."

"நிலத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்."

அலுவலர் ரசித்துச் சிரித்தார். "நல்லாப் பேசறீங்க. இதையே சார் முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிடுங்களேன்."

அவள் சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க எந்திரிங்க. ஆளுக்கொரு பக்கமா ஆரம்பிச்சா பாதியாவது தேறும்."

"எப்படி எந்திரிக்கிறது? நாற்காலில என் பேரை ஒட்டியிருக்காங்க."

இருபத்திரண்டு வருஷமாக இந்த மனிதர் பேச்சைக் கேட்டுப் பழகியவள்தான். விதை இருந்த நனைந்த சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, களைக்கொத்தியோடு மேட்டுப்பக்கம் நடந்தாள். இரண்டு விரற்கடை ஆழம் கொத்தினாள், புழுதி. நான்கு விரற்கடை, புழுதி. நடுவயலிலும் அப்படித்தான். சாக்குக்குள் கைவிட்டால் விதைகள் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுவென்றிருந்தன. கொத்திக்கொண்டே இறங்கி வந்தவள் பந்தல் விளிம்பில் நின்றாள். குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

நேற்றிலிருந்து வெயில் படாத மண் கறுகறுவென்று குளிர்ந்து கிடந்தது. மொத்த வயலிலும் மிஞ்சிய ஈரத்தின்மேல் விருந்தாளிகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, அது சார் நடந்து வர்ற பாதை" என்றார் அலுவலர். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால் தெருக்கோடிவரை கேட்டது.

"அவர் கிளம்பட்டும் முதல்ல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. கொத்தினாள், மூன்று விதை போட்டாள், காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அடுத்த குழி. விருந்தாளிகள் தங்கள் நாற்காலிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு, பந்தியில் இடம் மாறுகிறவர்கள்போல நகர்ந்தார்கள். தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. அலுவலர் கைப்பேசியில் யாரிடமோ, "எல்லாம் தயார் சார், வாங்க சார்" என்றார். விதைக்குழி வரிசை கோணாமல் முன்னே போய், நகராத ஒரே நாற்காலியின் முன் நின்றது.

"கொஞ்சம் பொறேன். மானம் போகுது" என்றார் புருஷன், உதடு அசையாமல்.

"காலத் தூக்குங்க."

அவர் தூக்கினார். களைக்கொத்தி நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து மண்ணைப் பிளந்தது. மூன்று விதை. அவள் புறங்கையால் மூடிவிட்டு நாற்காலியின் பின்பக்கம் போய் அடுத்த குழியைக் கொத்தினாள். முன்னோடி விவசாயி துணிப்பூவோடு, இரண்டு கால்களும் அந்தரத்தில் நிற்க, நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.