தொப்பியில் ஏறிய சூட்டுக்குறி

நஹார் காபிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகாமல் தரையில் வைத்தான். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் எங்கள் கூட்டத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். பெண்ணின் அப்பா "குடி" என்றால் சம்மதம். சொல்லாமல் விட்டு, வந்தவர்கள் எழுந்து போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பா அந்த ஒரு சொல்லைச் சொல்லித் தொலைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கட்டினால் இவனைத்தான் என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கியவள் நான்.

அப்பா கிண்ணத்தைப் பார்க்கவில்லை, நஹாரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீருடையில் போனால் மரியாதை கிடைக்கும் என்று அந்த மடையனுக்கு யார் சொன்னார்களோ. தொப்பியில் அவனுடைய ஒட்டக ரோந்துப் படையின் பித்தளைச் சின்னம் மின்னியது. ஒரு வளையம், கீழே இரண்டு கோடு. எங்கள் ஒட்டகங்களின் கழுத்தில் காலங்காலமாக நாங்கள் போடுகிற சூடும் அதுவேதான்.

அப்பாவின் பார்வையை அவன் தப்பாகப் புரிந்துகொண்டான். "உங்க குறிதான் மாமா," என்றான் சிரித்தபடி. "படை ஆரம்பிச்சப்போ முதல் ஒட்டகங்களை உங்க தாத்தாதான் அன்பளிப்பா கொடுத்தாராம். அந்த நன்றிக்குத்தான் இதைச் சின்னமா வெச்சாங்கன்னு சேர்ந்த அன்னைக்கே சொல்லித் தருவாங்க."

"துப்பாக்கியைக் காட்டி ஓட்டிட்டுப் போனதுக்கு இப்போ அன்பளிப்புன்னு பேரா?" என்றார் அப்பா.

நஹாரின் முகத்தில் சிரிப்பு செத்தது.

"பஞ்ச வருஷம். வரி கட்டலைன்னு மொத்தத்தையும் ஓட்டினாங்க. தாத்தா பின்னாலேயே நடந்து போய், 'எங்க சூடு இருக்கு, எங்க சொத்து'ன்னு கெஞ்சினாரு. 'இனிமே அது எங்க குறி'ன்னு சொல்லி, அவர் கண்ணு முன்னாலேயே கொடியில வரைய வெச்சான் அதிகாரி. அந்த வருஷக் குளிர்ல பாலில்லாம என் அத்தைங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. அப்போ அவங்க கைக்குழந்தைங்க."

நஹாரோடு வந்திருந்த அவன் சித்தப்பா ஸ்வைலிம் அப்பாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பழைய கதை, முத்லக். அதுக்குப் பையன் என்ன பண்ணுவான்?"

"எங்க சூடு எது மேல இருந்தாலும் அது எங்க சொத்து. இவன் தலையிலயே போட்டுக்கிட்டு வந்திருக்கான். என் ஒட்டகத்துக்கு நான் பொண்ணு கொடுக்கிறதில்லை."

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பா சொன்ன கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அது தெரிந்தும் அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட நஹாரையும் சேர்த்துத்தான்.

நஹார் தொப்பியைக் கழற்றிச் சின்னத்தைத் திருகினான். "இதை எடுத்துட்டா குடிக்கச் சொல்லுவீங்களா?"

"நாளைக்குக் காலையில திரும்ப மாட்டிக்கிட்டுத்தானே நிப்ப?"

நஹார் திருகுவதை நிறுத்தினான். ஸ்வைலிம் அவனைத் தோளைப் பிடித்து எழுப்பினார். "கிளம்புடா. இந்த வீட்டுக் காபியை நாய்கூடக் குடிக்காது."

அவர்கள் வெளியே போனார்கள். வண்டிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"வத்ஹா, இதை எடுத்துட்டுப் போய்க் கொட்டு," என்றார் அப்பா.

திரையை விலக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தை எடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே குடித்தேன். ஆறிப்போன காபி நாக்கில் கசந்தது.

"என்னடி பண்ண?" என்றார்.

"நீங்க சொல்லலை. நான் குடிச்சுட்டேன்."

வெளியே வண்டி உறுமியது, ஆனால் நகரவில்லை. அவர்களிடம் காட்டக் காலிக் கிண்ணத்தோடு வாசலை நோக்கி நடந்தேன். அப்பா குறுக்கே வந்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.