அடிஸ்கேல் சாரின் பின்னால் வந்த பசு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ‘பாடந்தோறும் கலை’ என்னும் மகத்தான திட்டத்தின் கண்காட்சி திறந்து வைக்கப்பட்ட நன்னாளில், நான்காம் வகுப்புச் சுவரில் குத்தியிருந்த பசு ஒன்று குண்டூசிகளை உதறிவிட்டுக் கீழே இறங்கி, வகுப்பாசிரியரின் பின்னாலேயே அவர் வீடுவரை நடந்து போனது. பசு காகிதத்தால் ஆனது. அன்று மழை இல்லாததால் சேதாரம் ஏதுமில்லை.

திட்டம் முதலில் சுற்றறிக்கையாகத்தான் வந்தது. இனி எந்தப் பாடமும் ஓவியமோ பாட்டோ நாடகமோ இல்லாமல் நடத்தப்படக் கூடாது என்றிருந்தது. ஆசிரியர்கள் எல்லாச் சுற்றறிக்கைகளுக்கும் செய்வதுபோல் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆனால் இம்முறை சுற்றறிக்கையின் பின்னாலேயே ஆளும் வந்துவிட்டது. பயிற்சியாளர் அம்மா பள்ளி பள்ளியாகப் போய், ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கலையைப் பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று காட்டிக்கொடுப்பவர். யார் எதைச் சொன்னாலும் கைதட்டுவார் என்பதால் இரண்டாம் நாளே கைத்தட்டம்மா ஆனார். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓய்வுபெறும் வயதிலிருந்த அறிவியல் வாத்தியாரை நீராவியாக நடிக்க வைத்தவர் அவர். நீராவி பெஞ்சு மேல் ஏறிவிட்டது, இறக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கைத்தட்டம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: “பிள்ளைங்க போட்டதுல நீங்க கை வைக்காதீங்க. கோணலா இருந்தா கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்.” இதற்குச் சான்றாகத் தன் பையிலிருந்து சிரிக்கும் மஞ்சள் சூரியன் படம் ஒன்றை எடுத்துக் காட்டுவார். ஆறு வயதுச் சிறுமி வரைந்தது என்பார். வாத்தியார்கள் உருகிப்போவார்கள்.

நான்காம் வகுப்பு ஆசிரியருக்கு அடிஸ்கேல் சார் என்று பெயர். கரும்பலகையில் தலைப்புக்குக் கீழே மட்டுமல்ல, வாசலில் செருப்பு விடும்போதும் ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர் என்று பேச்சு. அவர் மகளும் அதே வகுப்பில்தான் படித்தாள். பள்ளியில் ‘சார்’, வீட்டில் ‘அப்பா’ என்று அவளுக்குப் பழக்கமாகியிருந்தது, ஒரு நாளும் மாறிச் சொன்னதில்லை. பாடம், உயிருள்ளவையும் உயிரற்றவையும். கைத்தட்டம்மா பக்கத்தில் இருந்த தைரியத்தில், சார் தம் வாழ்நாளில் முதல்முறையாகக் குறிப்பு எழுதிப்போடாமல், உயிருள்ள எதையாவது வரையுங்கள், பார்க்கிறவனுக்கு அதற்கு உயிர் இருப்பது தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். மகள் ஒரு பசு வரைந்தாள். அதற்கு ஐந்து கால்.

“அஞ்சு கால் எதுக்கும்மா?” என்றார் சார்.

“அது நடக்குது சார். ஒரு கால் இங்கேருந்து கிளம்பிடுச்சு, அங்க இன்னும் போய்ச் சேரல. அதான் ரெண்டு இடத்துலயும் இருக்கு.”

கைத்தட்டம்மா தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு எழுந்து நின்றது. சார் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். கண்காட்சிக்கு மேலதிகாரி வருகிறார் என்ற சேதி மறுநாள் வந்தது, சந்தோஷம் போய்விட்டது.

மேலதிகாரி என்ன நினைப்பார்? மாட்டுக்கு எத்தனை கால் என்றுகூடச் சொல்லிக்கொடுக்காத வாத்தியார், அதிலும் சொந்த மகளுக்கே. கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை பிள்ளைகள் போனபின் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆளாளுக்குக் ‘கொஞ்சம் தொட்டுவிட’ ஆரம்பித்தார்கள். சார் ஐந்தாவது காலை மட்டும் அழித்தார். அழித்த தடம் தெரிந்தது. வேறு வழியில்லாமல் புதுத் தாளில், ஸ்கேல் வைத்து, ஒத்த உயரத்தில் நான்கு கால் போட்டு, மகள் பெயரைக் குழந்தைக் கையெழுத்தில் எழுதினார். கோணலாக எழுத வரவில்லை, பழைய தாளில் எழுதிப் பழகிவிட்டு எழுதினார். அசல் பசு குப்பைக்கூடைக்குப் போனது. பக்கத்து மேசையில் ஆங்கில டீச்சர் ஒரே அரண்மனையை வகுப்பிலுள்ள பாதிப் பிள்ளைகளின் பெயரில் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் மேலதிகாரி ரிப்பன் வெட்டி, பசுவின் முன்னால் நின்றார். “நாலாம் வகுப்புப் பொண்ணா? காலெல்லாம் என்ன அளவு!” மகளை அழைத்து நிறுத்தினார்கள். அவள் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இது என்னுது இல்ல, சார்.”

மேலதிகாரியிடம் சொன்னாளா அப்பாவிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. பசு அப்போதுதான் இறங்கியது. அவளை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்துவிட்டு, நேராக வந்து அடிஸ்கேல் சாரின் பின்னால் நின்றுகொண்டது. தொடர்ந்து அரண்மனைகள் இறங்கி ஆங்கில டீச்சர் பின்னால் வரிசை கட்டின. தலைமையாசிரியர் எந்தப் படத்தையும் தொடாதவர் ஆகையால் நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தார். ‘எங்கள் தலைவர் ஏணியாம்’ என்று மாணவன் பெயரில் அவரே எழுதியிருந்த வாழ்த்துக் கவிதை அவர் காலருக்குப் பின்னாலிருந்து சின்னக் குரலில் ஒப்பிக்கத் தொடங்கியது. முடி வெட்டப் போனாலும் ஒப்பிக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சார் வீட்டுக்கு நடந்தார். பசுவுக்கு ஒரு பக்கம்தான் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. அது தெரியக் கூடாதென்று சுவரை ஒட்டியே வந்தது. சாரும் சுவரை ஒட்டித்தான் போனார்.

“என்ன சார், புதுசா?” என்றார் தையல்காரர், மிஷினை நிறுத்தாமல். “உங்க ஜாடை அப்படியே இருக்கே.”

வீட்டில் மனைவி வாசலை மறித்து நின்று பார்த்தாள். “வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்” என்றாள். பிறகு வழி விட்டாள். உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்:

“சார், சாப்பிட வாங்க.”

பசுவைவிட இதுதான் சாருக்குத் தாங்கவில்லை. வீட்டில் அவர் அன்றிலிருந்து சார் ஆனார். மூக்குக்கண்ணாடி இங்க இருக்கு சார். அம்மா கூப்பிடறாங்க சார். மரியாதையில் ஒரு குறை கிடையாது.

கைத்தட்டம்மா மறுநாள் எல்லோரையும் கூட்டி, படங்களை நம்பி விட்டுப்போன பிள்ளைகளின் முதுகில் குத்திவிட்டீர்கள் என்று பேசினார். வாத்தியார்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் பையின் ஜிப் திறந்தது. மஞ்சள் சூரியன் வெளியே வந்து அவர் உச்சந்தலைக்கு மேல் நின்று சிரித்தது. அறை முழுக்க வெளிச்சம்.

“மேடம்,” என்றார் அறிவியல் வாத்தியார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “அது ஆறு வயசுப் பொண்ணு வரைஞ்சதுன்னீங்களே.”

அம்மா உட்கார்ந்தார். “அவ கறுப்பு சூரியன் போட்டிருந்தா,” என்றார். “அதக் காட்டினா யாரும் கைதட்ட மாட்டாங்கன்னு...”

யாரும் தட்டவில்லை. அன்றுமுதல் அவரும் தட்டுவதை விட்டுவிட்டார். வேலையை விடவில்லை. பேருந்தில் அவர் தலைக்கு மேல் சூரியன் காய, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் அதைச் சுட்டி, “இது நான் செஞ்ச தப்பு” என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். எங்கள் பள்ளியில் அதன்பின் எந்த ஆசிரியரும் பிள்ளைகளின் தாளைத் தொடவில்லை. அது கொள்கையால் வந்ததல்ல, வீட்டில் இன்னொன்றைக் கட்ட இடமில்லாததால் வந்தது. தொட முடியாததால் கேட்க ஆரம்பித்தார்கள்: இது ஏன் இப்படி, இது எங்கே போகிறது. பிள்ளைகள் சொன்னார்கள். வகுப்புகளில் பேச்சும் பசையும் கோணலும் பெருகின. அடுத்த வருடம் வந்த மேலதிகாரி, தரம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார்.

சாரின் மகள் மட்டும் வரையவில்லை. சார் கிரேயான் வாங்கி வந்தார். மன்னிப்பும் கேட்டார், முழு வாக்கியத்தில். அவள் வெள்ளைத் தாளை ஓரம் பிசகாமல் அவர் முன்னால் வைத்தாள். “நீங்களே போட்டுடுங்க சார். எப்படியும் கடைசில நீங்கதானே போடப்போறீங்க.” மூலையில் நின்ற பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பிக்கொள்ள அதற்காவது ஒரு முகம் இருக்கிறதே என்று சார் பொறாமைப்பட்டார்.

அடுத்த கோடையில் ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் பசு தடுமாறிப் புரண்டு, அதன் வெள்ளைப் பக்கம் மகளுக்கு நேராக வந்துவிட்டது. இத்தனை நாள் சுவரோரமே ஒதுங்கியிருந்த அது மறைக்க இடமில்லாமல் நடுங்கியது. அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பழுப்பு கிரேயானை எடுத்தாள்.

“ஆடுது. கொஞ்சம் புடிச்சுக்கோங்கப்பா.”

சார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சட்டைப்பையில் ஸ்கேல் இருந்தது. கொம்பு காதுக்குள்ளிருந்து முளைத்தது. கொம்பு எங்கே இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். வேலை முடிந்ததும் கேட்டார்:

“அஞ்சா?”

“ஆறு,” என்றாள் மகள். “இப்ப வேகமா போகுது.”

அவள் சொன்ன ‘அப்பா’ வாய்தவறி வந்ததா என்று சார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு தடவை ‘சார்’ வந்தது, ஒரு தடவை ‘அப்பா’. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். கணக்கு ஏறக்குறைய சரிபாதியில் நிற்கிறது. பசு ஒரு பக்கம் நான்கு காலும் மறுபக்கம் ஆறு காலுமாக, நடக்கும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வருடாவருடம் அந்தப் பாடத்தன்று சாரோடு பள்ளிக்கு வருகிறது. நகர்கிறது, தின்பதில்லை, வளரவில்லை, வெட்கப்படுகிறது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். உயிருள்ளது, உயிரற்றது என்று எந்தப் பக்கம் எழுதினாலும் சார் முழு மதிப்பெண் போடுகிறார்.

பால் தருவதில்லை.