ரூனே டச்சு பேசிய நாள்

ரூனே ஹோல்ம்ஸ்கோவ் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது அவனுக்கு வயது முப்பத்து மூன்று. டென்மார்க்கை விட்டுக் கிளம்பிய பிறகு இது ஏழாவது நாடு. நார்வே, ஹாலந்து, பெல்ஜியம், போலந்து, சைப்ரஸ், ஸ்காட்லாந்து, இப்போது துருக்கியில், கருங்கடல் ஓரத்தில் நாங்கள். எந்த ஊரிலும் இரண்டு வருடத்தைத் தாண்டியதில்லை. கால்பந்தில் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பதுதான் அவன் வேலை. தலையால் பந்தை வெளியே தள்ளுவதில் கெட்டிக்காரன்.

நான் கிளப்பின் மொழிபெயர்ப்பாளன், நெஜாத். டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அப்பா அங்கே தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியபோது எனக்கு இருபது வயது. டேனிஷ் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான் என்பதால் வந்த முதல் நாளே ரூனே என்னோடு ஒட்டிக்கொண்டான். பயிற்சியாளர் சித்கியை எல்லோரும் ஹோஜா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். ஹோஜா கத்துவதை நான் டேனிஷில் சொல்வேன். வசவுகளைப் பாதி வழியிலேயே உதிர்த்துவிடுவேன்.

"இவ்ளோ நேரம் கத்தினாரே, நீ ரெண்டே வார்த்தைதான் சொல்ற?" என்பான் ரூனே.

"மீதி எல்லாம் உங்க அம்மாவைப் பத்தி. வேணுமா?"

ரூனேயால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. டீக்கடையில் கண்ணாடிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே குடிப்பான். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் அலைத்தடுப்புச் சுவரின் மேல் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடப்பான். மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலை ஒதுக்கி வழிவிடுவார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அவன் மனைவி மைக்கன் ஒரு படம் மாட்ட வேண்டுமென்று செப்டம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் லிவ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, துருக்கி மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சுவரின் மேல் அவனோடு நடந்து மூச்சு வாங்கியபடி கேட்டேன்.

"ஏண்டா இப்படி ஓடிக்கிட்டே இருக்க? எங்கயாவது ஒரு நாலு வருஷம் இருந்தா என்ன?"

"ஒரு ஊர்ல முதல் வருஷம் நான் என்ன செய்றேன்னு பாப்பாங்க. ரெண்டாவது வருஷம், நான் எவ்ளோ மெதுவா திரும்புறேன்னு பாக்க ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடி கிளம்பிடணும்."

"இப்பவே மெதுவாத்தான் திரும்புற."

"அதான் சொல்றேன்," என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். ஏஜென்ட் பேசியிருக்கிறாராம். ஏதென்ஸில் ஒரு கிளப், ஜனவரியிலேயே வரச் சொல்கிறது. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். "மைக்கன்கிட்ட சொல்லிடாத. லிவ் பள்ளிக்கூட வருஷத்தை முடிச்சாத்தான் ஆச்சுன்னு நிக்கிறா."

நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு நடுவே நின்று, ஒருவர் பேசுவதை இன்னொருவரிடம் கொண்டுபோவது என் தொழில். எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம். அவர்களுடைய கார்னர் பந்துக்கு ரூனேவும் எதிரணி முன்னாட்டக்காரனும் ஒன்றாக எம்பினார்கள். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. ரூனே விழுந்தான். எழுந்தான். கையை உயர்த்திச் சரி என்று காட்டிவிட்டுக் கடைசிவரை ஆடினான். திரும்பும் பேருந்தில் என்னிடம் ஸ்கோர் என்ன என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவன் தோளில் குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியாமல் தடுமாறியதை ஹோஜா பார்த்துவிட்டார். புதன்கிழமை தன் பக்கத்தில் போன பந்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். ஹோஜா என்னைக் கூப்பிட்டார்.

"டேய் நெஜாத், நாளைக்கு இவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இவன் மண்டைக்குள்ள யாரும் இல்ல போலிருக்கு."

வியாழக்கிழமை காலை நாங்கள் டாக்டர் ஃபெரிதுனின் அறையில் இருந்தோம். கிளப் டாக்டர். நிதானமானவர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ரூனே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"தலைவலி இருக்கான்னு கேளு," என்றார்.

கேட்டேன். ரூனே டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தபடி எனக்கு டேனிஷில் பதில் சொன்னான். "மண்டை வெடிக்குது. வெளிச்சம் கண்ணுல ஊசி மாதிரி குத்துது. வலி இல்ல, நல்லாத் தூங்கினேன்னு சொல்லு."

"வலி இல்லையாம், நல்லாத் தூங்கினானாம் டாக்டர்."

"நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வரச் சொல்லு."

டேனிஷ் எண்கள் அந்த மொழி பேசாதவர்களுக்கு வாயில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கும். டாக்டருக்கு ஒன்றும் பிடிபட வழியில்லை. ரூனே தொண்ணூற்று மூன்று என்றான். எண்பத்தாறு என்றான். பிறகு எழுபத்தாறு. நிறுத்தினான். அவன் நெற்றியில் வியர்வை பூத்தது. மறுபடி தொண்ணூற்று மூன்று என்றான். அப்புறம், வேகமாக, வாய்க்கு வந்த எண்களையெல்லாம் அடுக்கினான். அதே புன்னகை. அவன் கை மட்டும் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சரியா சொன்னானா?"

"சரியா சொன்னான் டாக்டர்."

வாசலுக்கு வந்ததும் ரூனே என்னைக் கட்டிப்பிடித்தான். "ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்புறம் ஒரு வாரம் படுத்தே கெடக்கறேன், சத்தியமா," என்றான். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் நல்ல மழை. கிரேக்கக் கிளப்பின் ஆள் மேல் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். முதல் இருபது நிமிடம் ரூனே நன்றாகவே ஆடினான். எனக்கு நிம்மதி. அதன்பிறகு ஒரு பந்து உயரே வந்தது. அவன் எம்பித் தலையால் அடித்தான். இறங்கியதும் இரண்டு அடி பக்கவாட்டில் தள்ளாடினான். அடுத்த முறை பந்து வந்தபோது எதிரணி ஆளை விட்டுவிட்டு எங்கள் ஆளையே மறித்துக்கொண்டு நின்றான். கோல் விழுந்தது. கோல்கீப்பர் இல்ஹான் இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். ரூனே அவனுக்கு ஏதோ பதில் சொன்னான். இல்ஹான் திரும்பி என்னைப் பார்த்தான்.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் ஹோஜா ரூனேயின் முன்னால் போய் நின்றார்.

"யாரைடா மறிச்சிட்டு நின்ன நீ? கேளுடா இவனை!"

கேட்டேன். ரூனே நிமிர்ந்து, மரியாதையாக, நீளமாக ஒரு பதில் சொன்னான்.

"என்ன சொல்றான்?"

"தெரியல ஹோஜா."

"தெரியலன்னா? உனக்கு எதுக்குடா சம்பளம்?"

"இது டேனிஷ் இல்ல ஹோஜா."

அது டச்சு. பத்து வருடத்துக்கு முன்னால் அவன் ஹாலந்தில் ஆடியபோது பேசிய மொழி. தான் ஹாலந்தில் இருப்பதாக நினைத்து, அந்த ஊர்ப் பயிற்சியாளருக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் ஒரு பெயர் வந்தது. எங்கள் அணியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

"ஹோஜா, இவனை மறுபடி மைதானத்துல இறக்காதீங்க. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன். இவனுக்குத் தலை வெடிக்குது. கணக்கு எல்லாம் தப்பா சொன்னான். எல்லாமே எனக்குத் தெரியும்."

ஹோஜா கையிலிருந்த டீக்குவளையைச் சுவரில் எறிந்தார். என்னைத்தான் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மண்டியிட்டு ரூனேயின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"டாக்டரைக் கூப்பிடு. கார் எடுக்கச் சொல்லு. நெஜாத், நீ என் கண்ணு முன்னாடி நிக்காத."

பூட்ஸ் கழன்றபோது ரூனேவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். இந்த முறை டேனிஷ்.

"என்னடா சொன்ன அவங்ககிட்ட? என்ன சொன்ன?"

"உண்மையை."

"யார் கேட்டா உன்னை?" என்று கத்தினான். அவன் கண்கள் ஒன்றோடொன்று சேராமல் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

சம்சுன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லியதாக இரத்தம் கசிந்திருந்தது. இரண்டாம் பாதியில் இன்னொரு பந்தைத் தலையால் அடித்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதையும் மைக்கனிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். எதையும் உதிர்க்கவில்லை. சொல்லி முடித்ததும் வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னேன். ஏதென்ஸையும் சொன்னேன்.

அவள் கேட்டாள்.

"ஏழு ஏழா கழிக்கச் சொன்னாரா?"

"ஆமா."

"லிவ்வே அதைவிட நல்லா கழிப்பா. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தீங்க." எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். "போங்க நெஜாத். இப்ப உங்க முகத்தைப் பாக்க முடியல."

அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் பல வாரங்கள் விமானத்தில் ஏறக் கூடாது, வெளிச்சம் கூடாது, தொலைபேசி கூடாது, நடை கூடாது. ரூனே திரைச்சீலை போட்ட அறையில் கிடந்தான். பத்தாவது நாள் மைக்கனே என்னை அழைத்தாள். "வாங்க. மன்னிச்சிட்டேன்னு அர்த்தம் இல்ல. தனியா இவனைச் சமாளிக்க முடியல."

உண்மைதான். படுக்கையில் அவன் கால் விரல்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தன. போர்வையை உதறுவான், போர்த்துவான், சுவரைத் தட்டுவான். முதல் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் தினமும் சோளமாவில் புரட்டி வறுத்த நெத்திலி கொண்டுபோய் வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். நான்காம் நாள் மீனைத் தின்றபடியே பேசினான்.

"கிரேக்கன் என்ன ஆனான்?"

"ரெண்டாம் பாதியில நீ வரலன்னதும் எழுந்து போயிட்டான்."

"உன்னைக் கொல்லணும்னு தோணுது."

"எழுந்து வா, கொல்லு."

"எழுந்தா தலை சுத்துது," என்றான். பிறகு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து போகவுமில்லை, அவனைத் தொடவுமில்லை.

ஏப்ரலில் ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஆடலாமா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மறுநாளே என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனான். யாரும் இல்லாத நேரம். பத்தடி தள்ளி நின்று கையால் பந்தைத் தூக்கிப் போடச் சொன்னான். மெதுவாகப் போட்டேன். கடைசி நொடியில் அவன் தலை ஒதுங்கியது. பந்து பின்னால் போய் விழுந்தது.

"இன்னொண்ணு."

மறுபடி ஒதுங்கியது. ஐந்தாவது பந்துக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நான் போடவில்லை.

"போடுடா!"

"மாட்டேன்."

"போடுன்னா போடணும்! யாருடா நீ, என் ஹோஜாவா?"

"போட மாட்டேன் ரூனே. நீயா எடுத்துப் போட்டுக்கோ."

அவன் போய்ப் பந்தை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கோல்கம்பத்துக்குள் உருட்டிவிட்டு வெளியே நடந்தான். இனி ஆடப்போவதில்லை என்று அன்று சாயங்காலமே ஏஜென்ட்டுக்கு எழுதிவிட்டதாக மைக்கன் சொன்னாள்.

ஜூனில் லிவ்வின் பள்ளிக்கூடம் முடிந்ததும் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் ரூனே என்னை இறுக்கிப் பிடித்துவிட்டு, பெட்டிகளோடு வேகமாக வரிசைக்குப் போய்விட்டான். மைக்கன் என் எதிரே நின்றாள்.

"அவன் செத்திருந்தா அது உங்களால. உயிரோட இருக்கறதும் உங்களாலதான். ரெண்டையும் சேர்த்து எங்க வெக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல நெஜாத்." என் கையைப் பிடித்து ஒரு முறை குலுக்கினாள்.

ரூனே டென்மார்க்கில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தான். எட்டு மாதத்தில் விட்டுவிட்டான். ஜன்னல் விற்கும் கம்பெனியில் சேர்ந்தான், அதையும் விட்டான். இப்போது நார்வேயில் ஏதோ வேலை இருக்கிறது என்கிறான். மைக்கன் வர மாட்டேன் என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். எங்கோ நடந்துகொண்டே பேசுகிறான் என்பது காற்றின் சத்தத்தில் தெரியும்.

ஹோஜா என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. புது ஆட்டக்காரன் யாராவது வந்தால் டாக்டர் அறைக்குப் போகும் முன்பே அவனிடம் சொல்லிவிடுகிறேன்: உள்ளே நீ சொல்வதையெல்லாம் நான் சொல்வேன், ஒன்றுவிடாமல். போன மாதம் வந்த செனகல் பையன் முழங்காலைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தான். பிறகு, டாக்டருக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலத்தில் அவரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். இருந்தாலும் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.