ஒரு நாள் கூலியில் எழுந்த கோயில்

கோலா சாவா பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மறுவாரம் கும்பாபிஷேகம். ரஹாங்கிலிருந்து பூக்கூடையோடு வந்து இறங்கிய நீலாவதி, வாசற்சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அங்கே பதித்திருந்த பழைய கல்லைக் காணோம். அந்த இடத்தில் வெறும் குழி. பக்கத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு சாய்ந்து நின்றது. அதன் முதல் வரியிலேயே கோயில் தலைவர் ஆறுமுகத்தின் பெயர், கொடுத்த தொகையோடு, தங்க எழுத்தில்.

பழைய கல் கோயிலுக்குப் பின்னால் கிடந்தது. அதன்மேல்தான் கொத்தனார் மாயாண்டி சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்.

நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இத்தோட்ட மக்கள் ஒரு நாள் கூலியில் கட்டியது.’ கல்லில் இருந்தது அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சம்பளம் போடும் அன்று கங்காணி கோயிலுக்கென்று துண்டை விரிப்பார். பால்மரம் வெட்டியவர்களும் புல் வெட்டியவர்களும் ஒரு நாள் கூலியை அதில் போட்டுவிட்டுத்தான் அரிசி வாங்கப் போவார்கள். நீலாவதியை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் அம்மாவும் போட்டாள். அம்மாவுக்கு நிலமில்லை, வீடில்லை. குடியிருந்த லயத்தையும் இடித்துச் செம்பனை நட்டாயிற்று. அவள் இந்த மண்ணில் உழைத்ததற்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

“யாரு சொல்லிக் கல்லப் பேத்தீங்க?”

மாயாண்டி மண்டபத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். சத்தம் கேட்டு ஆறுமுகமே வந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன். சிரம்பானில் குத்தகைத் தொழில். சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது.

“ஏம்மா சத்தம்? டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசங்கள்லாம் வராங்க. வாசல்லயே கூலின்னு எழுதி வச்சா என்னா நெனைப்பாங்க? ஸ்கூல்ல நம்மள ‘அனாக் கூலி’, கூலிக்காரன் புள்ளன்னு கேலி பண்ணது மறந்துபோச்சா? வெள்ளக்காரன் வச்ச பேரு லா அது. நமக்கு அசிங்கம்.”

“வெள்ளக்காரனா குடுத்தான்? அது நம்ம வாயில இருந்த சொல்லு. செஞ்ச வேலைக்குக் கைநீட்டி வாங்குறது கூலி. அவன் அதத் தூக்கி ஆளு மேல ஒட்டுனான். அசிங்கம்னா அவனுக்கு. எங்கம்மாவுக்கு என்னா அசிங்கம்?”

“சரி, உள்ளாற ‘தொழிலாளர்கள்’னு ஒரு வரி போட்டுக்கலாம். சின்னதா.”

சின்னதாகவாம்! இந்த மனுஷனின் அப்பா அன்றைக்குத் துண்டுப் பக்கமே வரவில்லை. ‘நான் வாங்குறது சம்பளம், கூலி இல்ல’ என்று ஆபீசுக்குள் போனவர். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதே திமிர்தான் இப்போது தங்க எழுத்தில் வந்து நிற்கிறது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரச் சிமெண்டைக் கையால் வழித்தாள். எழுத்துக்குள் புகுந்ததைக் கொண்டை ஊசியால் கிண்டினாள்.

“மாயாண்டிண்ணே, இத இருந்த எடத்துலயே வைங்க.”

மாயாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு வாளித் தண்ணீரைத் தூக்கிக் கல்லின்மேல் ஊற்றினார்.

ஆறுமுகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து நோட்டை உருவினார். “யோவ், யாருக்குய்யா நீ வேலை செய்யிற? ஒன் வேலையே வேணாம். இந்தா, இன்னிக்குக் கூலிய வாங்கிட்டுக் கெளம்பு!”

மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. நீலாவதி எழுந்தாள்.

“அந்தாளுக்கு வீசுறப்ப மட்டும் அந்தச் சொல்லு வாயில வருது. அப்பக் கூசல. செவத்துல இருந்தாத்தான் கூசுதா?”

ஆறுமுகம் நீட்டிய நோட்டு நீட்டியபடியே இருந்தது. மாயாண்டி அதைத் தொடவில்லை.

“வேணாம் தலைவரே. துண்டுல போட்டதா வச்சுக்குங்க” என்று கல்லின் ஒரு முனையைப் பிடித்தார்.

மறுமுனையை நீலாவதி பிடித்தாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கல் நல்ல கனம்.

“நகருங்க” என்றாள். “எங்கம்மா கூலி வருது.”