உறையாத பால்

மலைமேல் இருக்கும் கம்பம்மெட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு இந்துவுக்கு எல்லாம் பழகிவிட்டது, தயிர் ஒன்றைத் தவிர. கீழே அவள் பிறந்த ஊரான கம்பத்தில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி மோரை விட்டுப் படுத்தால் விடியும்போது கட்டித் தயிர் இருக்கும். இங்கே மெட்டில், அதுவும் மழைக்காலத்தில், பால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாலாகவே கிடக்கும். சட்டியைக் கம்பளியில் சுற்றிப் பார்த்தாள். அடுப்போரம் வைத்துப் பார்த்தாள். கொழகொழவென்று நூல் இழுத்ததுதான் மிச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் தயிர் வேண்டும். அப்பா வருகிறார்.

பெரியமுத்து கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மகள், ஜீப் ஓட்டுகிற ஜெகனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றதால் கல்யாணத்துக்கு வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார். அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது அவராகவே போன் பண்ணி, "ஏலக்கா விஷயமா ஒருத்தரைப் பாக்க மேல வர்றேன். அப்படியே ஒன்னையும் எட்டிப் பாத்துட்டுப் போறேன்" என்றார். அவருக்குத் தயிர் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. பாக்கெட் தயிரைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார்.

"அக்கா குடுத்த கரண்ட் குக்கர் சும்மாதானே கெடக்கு? அதுல தயிருக்குன்னே ஒரு பட்டன் இருக்கு" என்றான் ஜெகன். எர்ணாகுளத்தில் இருக்கும் அவன் அக்கா பிரதீபா, புதுசு வாங்கியதும் பழையதை இவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இந்து முதல் தடவை செய்தாள். பால் பொங்கிக் குக்கர் கூவியதும், ஆற வேண்டும் என்று வீடியோவில் சொன்னதைக் கவனிக்காமல் மோரை ஊற்றிவிட்டாள். பால் அப்படியே திரிந்துபோனது.

இரண்டாம் தடவை எல்லாம் சரியாகச் செய்து மூடிவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். நடுவில் கரண்ட் போய்த் திரும்ப வந்தது. குக்கர் மட்டும் வேலையை மறந்து நின்றுவிட்டது. ஜெகன் பக்கத்திலேயே படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏங்க, கண்ணு முன்னாடிதானே இருக்கு? பட்டனை ஒரு தடவை அமுக்கினா கையி தேஞ்சா போயிரும்?"

"எனக்கு என்னடி தெரியும்? நீ சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"எல்லாத்தையும் சொல்லணுமா ஒங்களுக்கு!"

மூன்றாம் தடவை சனிக்கிழமை சாயங்காலம். இந்து கை கழுவி, சாமியைக் கும்பிட்டு, பாலில் விரலை விட்டுச் சூடு பார்த்து உறை ஊற்றினாள். ஞாயிறு காலை மூடியைத் திறந்தவளுக்கு நம்ப முடியவில்லை. பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாத தயிர். ஆள் பார்த்துவிட்டால் கண் பட்டுவிடும் என்பதுபோல் அவசரமாக மூடினாள். சாப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் சமையலறையில் 'புஸ்' என்று ஆவி. குக்கருக்கு முன்னால் ஜெகன் பெருமையாக நின்றுகொண்டிருந்தான்.

"மறுபடியும் நின்னுபோச்சு இந்து. நல்லவேளை நான் பாத்தேன். அமுக்கிவிட்டுட்டேன்."

அவன் அமுக்கியது சோறு வேகிற பட்டன். பதறிப்போய் சுவிட்சை அணைத்து, ஆவி அடங்கியதும் திறந்தாள். மஞ்சள் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. அடி பிடித்த நாற்றம் மூக்கில் ஏறியது.

"அது நிக்கலைய்யா! முடிஞ்சு போயிருச்சு! தயிராயிருச்சுய்யா!" அவள் குரல் உடைந்தது. "ஒங்களைச் செய்யச் சொன்னப்ப செய்யமாட்டீங்க, சொல்லாதப்ப வந்து கைய வைப்பீங்க! எங்கப்பாவுக்கு நான் எதைப் போடுவேன்? ஒங்க தலையையா போடுவேன்?"

"நீதானே அன்னைக்கு அமுக்கச் சொன்ன..."

"பேசாதீங்க! ஒரு வார்த்தை பேசாதீங்க!"

கரண்டியை ஓங்கியவள் வாசல் பக்கம் திரும்பினாள். பெரியமுத்து ஒரு கூடைத் திராட்சையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஜெகன்தான் ஓடிப்போய்க் கூடையை வாங்கினான். அவர் கை கழுவி உட்கார்ந்தார். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்; ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கடைசியாகக் கொஞ்சம் சோறு போடச் சொல்லிவிட்டு, இலையில் கையை வைத்தபடி காத்திருந்தார்.

"தயிர் இல்லப்பா. கெட்டுப்போச்சு."

"தெரியும்த்தா. ஒன் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு." அவர் ஜெகன் பக்கம் திரும்பினார். "இவ ஆத்தாகிட்ட நான் வாங்காத பேச்சா, மாப்ளே? இன்னங் கொஞ்சம் ரசத்தை ஊத்தச் சொல்லுங்க."

ஜெகன் ரசச் சட்டியைத் தானே எடுத்து வந்தான்.

அவர் புறப்பட்டுப் பஸ் ஏறியதும் ஜெகன் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். "இந்து, கேட்டியா? மாப்ளேன்னாரு! நான் மட்டும் அந்தப் பட்டனை அமுக்கலைன்னா..."

குக்கர் பாத்திரத்தின் அடியை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் இந்து. தீய்ந்த கறை விடுவதாக இல்லை.

"அந்தப் பக்கம் போயிருங்க" என்றாள், நிமிராமலே. "எனக்கு இன்னும் ஆறலை."