வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். இடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில் பெரியவர்களுக்கான கதிரை ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே தேயிலைத் தோட்டத்து மருந்துசாலைப் பொறுப்பாளரும் விளையாட்டுக் குழுச் செயலாளருமான சிற்றம்பலம் சன்னலோரம் ஒரு சாண் உயர வாங்கில் உட்கார்ந்து, நெஞ்சுவரை எழும்பிய தம் முழங்கால்களின் மேல் எழுதும் பலகையை வைத்துக்கொண்டார். அவருக்கு எதிரே, லுணுகலையில் கடை வைத்திருக்கும் மொஹிதீன், தோட்டத்து நடைப்போட்டியின் நடுவர், கவிழ்த்துவைத்த பால்மாத் தகரத்தின் மேல். தொட்டில் பக்கம் நிரஞ்சலா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான், நடைப்போட்டியில் இரண்டாவதாக வந்தவளும் அவள்தான். முதலாவதாக வந்த ரெங்கம்மா சுவரில் சாய்ந்து, தரையில் இரண்டு காலையும் நீட்டியிருந்தாள். நிரஞ்சலாவின் மாமனார் இராமையாக் கங்காணி மட்டும் உட்கார மறுத்து வாசலில் நின்றார். முறைப்பாடு கொடுத்தவர் அவர்.

"நாங்க எல்லாரும் மடங்கிக் கிடக்கிறோம். கங்காணிட முழங்கால் மட்டும்தான் நேரா இருக்கு" என்றார் மொஹிதீன்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். வருகிற ஞாயிறு பதுளையில் மாவட்ட நடைப்போட்டி. தோட்டத்தின் சார்பில் ஒருவர் போகலாம். பெயர் இன்றைய தபாலில் போயாக வேண்டும். ரெங்கம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதுளைக்கு அவள் போனது இரண்டே தடவை, இரண்டும் பிள்ளை பெற. மூன்றாவது தடவை வெறுங்கையோடு, வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று போட்டி முடிந்த நாளிலிருந்து லயத்து வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

சிற்றம்பலம் முறைப்பாட்டை வாசித்தார். ஒன்று: ரெங்கம்மாவின் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பின. இரண்டு: வலது முழங்கால் மடங்கியிருந்தது. ஆகவே அது நடையல்ல, ஓட்டம்.

"விளங்கப்படுத்துறன்" என்று எழும்பப் பார்த்தார். வாங்கு விடவில்லை. மொஹிதீன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"ஓடேக்க முழங்கால் மடங்கி, ஸ்பிரிங் மாதிரி ஆளை உந்தும். நடைப்போட்டியில உந்த வேலை சரிவராது. முன்னுக்கு வைக்கிற கால் தரையில பட்டதிலயிருந்து உடம்பு அதுக்கு நேர் மேல வரும்வரைக்கும் முழங்கால் நிமிர்ந்து நிக்கோணும். பிறகு அடியை எப்பிடி நீட்டுறது? இடுப்பாலதான். இந்தா, இப்பிடி." தொட்டில்களுக்கு நடுவே இடுப்பைச் சுழற்றி நடந்து காட்டினார். தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தை கெக்கலித்துச் சிரித்தது.

"அவ இடுப்பு ஆடுனதத்தான் மூணு மைலும் பாத்தமே" என்றார் இராமையா.

"ஒங்களுக்குப் பாக்க நேரம் இருந்துச்சு மாமா" என்றாள் நிரஞ்சலா. "எனக்கு மூச்சு விடவே நேரமில்ல. பதுளைக்குப் போக எனக்கும் ஆசைதான். ஆனா மூணு மைலும் அவங்க காலப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். ரெண்டும் ஒண்ணா எழும்பல."

முதலாவது குற்றச்சாட்டு அடிபட்டது. நடுவரும் அதையே பார்த்ததாகச் சிற்றம்பலம் குறித்துக்கொண்டார். இரண்டாவதுக்கு மொஹிதீனிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கினார். நீட்டியிருந்த ரெங்கம்மாவின் இடது முழங்காலின் கீழ் அதைத் தள்ளப் பார்த்தார், போகவில்லை. வலது முழங்காலின் கீழ் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது.

இராமையா மீசையைத் தடவிக்கொண்டார்.

"தொடையை இறுக்குங்கோ." ரெங்கம்மா இறுக்கினாள். தொடைத்தசை கல்லாகி முழங்கால் சில்லை மேலே இழுத்தது. தீப்பெட்டிக்கான இடைவெளி அப்படியே இருந்தது. "இது மடக்கி வைச்சிருக்கிற கால் இல்லை. நிமிரக்கூடிய மட்டும் நிமிர்ந்துதான் நிக்குது. இதுக்கு மேல மூட்டு போகாது. எப்பவிருந்து இப்பிடி?"

"பழசுங்க டாக்டரய்யா. விடுங்க."

எதையும் பாதியில் விடுவது சிற்றம்பலத்தின் வழக்கமல்ல. "வருசம்?"

"ஏழு இருக்கும்."

"காரணம்?"

"கொழுந்துச் சாக்கோட தண்ணிக் கான்ல விழுந்துட்டேன். சில்லு வெடிச்சுப் போச்சு."

"வெடிச்சது பொருந்தினாப் பிறகு கால் நிமிரத்தானே வேணும்? ஆர் கட்டுப் போட்டது? கைப்பழக்கம் இல்லாத ஆரோதான் போட்டிருக்கினம்."

ரெங்கம்மா முந்தானையைத் திருகினாள். மொஹிதீன் தான் உட்கார்ந்திருந்த தகரத்தில் பால்மாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"நீங்கதானுங்க" என்றாள்.

சிற்றம்பலத்துக்கு எல்லாம் வரிசையாக நினைவு வந்தது. தொண்ணூற்றோராம் வருஷத்து அடைமழை. பதுளை வழியில் மண்சரிவு. மருந்துசாலைக் கட்டிலில் இவள் வலியில் முனகியபோது, மாவுக்கட்டின் ஈரம் காய முன்னரே முழங்காலின் கீழ் தலையணையைச் செருகியது அவருடைய கைதான். கட்டு தலையணையின் வளைவிலேயே இறுகி, ஆறு வாரம் அப்படியே கிடந்தது.

"நோகக் கூடாதுன்னுதானே தலகாணிய வச்சீங்க. அதச் சொல்லி என்னாகப் போவுது?"

பதுளைப் பயணம் கைநழுவிப் போகும் நேரத்திலும் அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறாள் என்பதுதான் அவரைக் குத்தியது.

"தலகாணி நல்ல தலகாணியாத்தான் இருந்திருக்கும்" என்றார் இராமையா. கொஞ்சம் யோசித்தார். "சரி, ரெங்கம்மாவே போகட்டும். ஆனா கடுதாசியில காரணத்தயும் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். எழுதாம விட்டா அங்க ஒருத்தன் காலப் பாத்ததும் வெளிய அனுப்பிருவான். மானக்கேடு தோட்டத்துக்குத்தான்."

"முடிவு பதுளையில இருக்கிறவையின்ர கையில. உள்ளதை நாங்கள் சொல்லலாம்" என்றார் சிற்றம்பலம்.

இருபத்திரண்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறவர். தோட்டக் காரியாலயத்தின் பிழை, பாலத்தின் பிழை, மழையின் பிழை எல்லாம் எழுதியிருக்கிறார். தன் பிழையை எழுத அந்தப் பேனா கொஞ்சம் முரண்டு பிடித்தது. முதலில் "சிகிச்சைக் குறைபாடு" என்று எழுதினார்.

"யார்ட சிகிச்சை எண்டு கேப்பாங்களே டொக்டர்" என்றார் மொஹிதீன்.

தாளைக் கசக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்: "போட்டியாளரின் வலது முழங்கால் முழுமையாக நிமிர்வதற்கு ஒரு தீப்பெட்டியின் தடிப்பளவு குறைவாக உள்ளது. அதைக் கொண்டு அவர் எவ்வித உந்துதலும் பெறுவதில்லை. காரணம்: 1991இல் கீழே ஒப்பமிட்டுள்ளவர் இட்ட மாவுக்கட்டும், அதன் கீழ் அவர் வைத்த தலையணையும். தயவுசெய்து இதைக் கருத்திற் கொண்டு அவரது நடையைப் பார்க்கவும்."

கையெழுத்திட்டார். அடுத்து இராமையா எழுத்தெழுத்தாக இட்டார். கோந்து தடவி உறையை ஒட்டி, மருந்துசாலை முத்திரையைக் குத்தியபோதுதான் நிரஞ்சலா சன்னலுக்கு வெளியே காட்டினாள். தோட்டத்துத் தபால்காரன் ரெங்கசாமி தபால்பையோடு பாதையின் கீழ்வளைவு வரை போய்விட்டான்.

"குடுங்க" என்று ரெங்கம்மா உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஓடாத புள்ள, நட" என்று இராமையா பின்னாலிருந்து கத்தினார்.

அவள் நடந்தாள். இடுப்பு சுழன்றது, அடி நீண்டது. வலது கால் தரையில் பட்ட ஒவ்வொரு தடவையும் முழங்கால் தன்னால் ஆனமட்டும் நிமிர்ந்தது. நான்கு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். தீப்பெட்டி இன்னும் சிற்றம்பலத்தின் கையில்தான் இருந்தது. வளைவில் ரெங்கசாமி நின்றான், உறையை வாங்கிப் பைக்குள் போட்டான், வாரை இறுக்கிக்கொண்டு லுணுகலைப் பக்கம் இறங்கினான்.